இருமலுக்கு ஒரு விரல்

ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் தலையில் கைக்குட்டையை விரித்துக்கொள்கிற ஆள் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். துவைத்து நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. "எண்ணெய்த் தலைங்க. அடுத்தவங்க பொருளு, கறை புடிச்சுரும்" என்பார். அதற்கும் முன்னால் மூன்று முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிரீஸ் வாசனை போய்விட்டதா என்று விரல்களை மோந்து பார்த்திருப்பார்.

அவர் கம்ப்ரசர் மெக்கானிக். திருச்செங்கோட்டில் இருந்து ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போகிற ரிக் வண்டிகளுக்கு இவர் காதுதான் வைத்தியம். இரண்டடி நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருந்தார். வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஓடுகிற இயந்திரத்தின் மேல் நுனியை ஊன்றி, கைப்பிடியை இடது காதோடு ஒட்டிக் கண்ணை மூடுவார். அரை நிமிடம். பிறகு, "மூணாவது பேரிங்" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பேரிங்தான் போயிருக்கும். இதை நான் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

ஏன் என்றால் நான் அளந்து பிழைக்கிறவன். நாமக்கல் பக்கம் கோழித்தீவன ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, புண்ணாக்கில் புரதம் எவ்வளவு என்று எண் போட்டுச் சொல்ல வேண்டும். வீட்டிலும் ஹெட்போன்களை அளக்க ஒரு சின்ன மைக்கும் மென்பொருளும் வைத்திருக்கிறேன். அவருக்கு அது ஒரு வேடிக்கை. "உங்க மீட்டரு பாட்டுக் கேட்டுக் கண்ணு கலங்குமுங்களா?" என்று கேட்பார். நானும் பதிலுக்கு, "உங்க காது ரசீது குடுக்குங்களா?" என்பேன். சிரித்துக்கொள்வோம். ஆனாலும் கடைசியில் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள், என் கிராஃபை அல்ல. அது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் கூடுவோம். சேலத்தில் இருந்து வருகிறவர்களுக்கும் நாமக்கல்லில் இருந்து வருகிறவர்களுக்கும் அதுதான் நடுவழி. கடை முதலாளிக்கும் எங்களைப் போலவே இந்தக் கிறுக்கு உண்டு. சுற்றிலும் சேலை அடுக்கிய அலமாரிகள் இருப்பதால் அந்த அறையில் கொஞ்சமும் எதிரொலி கிடையாது. ஆறேழு பேர் அவரவர் ஹெட்போன்களை மேஜையில் பரப்புவோம். புதிதாக ஒன்று வந்தால், அதற்கு ஒரு சடங்கு உண்டு. சடங்கை ஏற்படுத்தியவர் அவர்தான்.

ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் அவரே பதிவு செய்த நாதசுரம் அது. நான்கைந்து நிமிடம் போகும். நடுவில் தவில் சட்டென்று நின்று, நாதசுரக்காரர் மூச்சு வாங்குகிற இடத்தில், இடது பக்கம் தூரத்தில் யாரோ ஒருவன் ஒரு தடவை இருமுவான். அவ்வளவுதான். புது ஹெட்போனை ஒவ்வொருவராகப் போட்டுக் கேட்க வேண்டும். இருமல் கேட்டதும் ஒரு விரலைத் தூக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாது, அவர் ஒருவரைத் தவிர. அவர் மட்டும் கையில் கடிகாரத்தோடு நிற்பார்.

"இருமறவன் ஆளாத் தெரியோணுமுங்க. வெறும் சத்தமா வந்தா அது ஆகாது. எத்தன அடி தள்ளி நிக்கறான்னு தெரியோணும்."

"ஆரு அது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எவனோ ஒருத்தன். பீடி குடிக்கறவன். அது மட்டும் தெரியுது."

நான் முதன்முதலாகப் போனபோது பன்னிரண்டாயிரம் ரூபாய் ஹெட்போனைப் பெருமையாகக் கொண்டுபோயிருந்தேன். அன்று யாருமே விரலைத் தூக்கவில்லை. அவர் கடைசியாகப் போட்டுக் கேட்டுவிட்டு, கழற்றி என் கையில் கொடுத்து, "இதுல அவன் இல்லீங்க" என்றார். ஒன்றும் இல்லாத ஒரு இருமலுக்காக நான் அடுத்த ஒன்றரை வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டு ஒரு ஹெட்போன் வாங்கினேன். அதில் அவன் இருந்தான். பீடி குடிப்பவன்தான்.

அவரிடம் இருந்த ஒரே குணம் இதுதான். கேட்டால் கேட்டது என்பார், கேட்காவிட்டால் கேட்கவில்லை என்பார். எதிரே இருப்பவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கமாட்டார். சேலத்தில் இருந்து நகைக்கடைக்காரர் மகன் ஒருவர் வருவார். ஒரு தடவை, புதிதாக வாங்கிய ஹெட்போனில் வலது பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று குதித்தார். இவர் ஹெட்போனை வாங்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு வலது பக்கம் இடது காதுக்கு வருகிற மாதிரித் திருப்பி, நகைக்கடைக்காரர் மகன் தலையில் மாட்டினார்.

"இப்ப எந்தப் பக்கமுங்க கம்மி?"

"இப்பவும் வலதுதான்."

"அப்ப ஹெட்போன் இல்லீங்க. உங்க காதுங்க. டாக்டரப் பாருங்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தப் பையன் முகம் செத்துப்போயிற்று. போய்ப் பார்த்தபோது வெறும் அழுக்குதான் அடைத்திருந்தது. ஆனாலும் மூன்று மாதம் அவன் கூட்டத்துக்கு வரவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "அவரு விக்கறவன எல்லாரு முன்னாலயும்தானுங்க திட்டுனாரு?" என்றார். எனக்கு அப்போது அது ரொம்பக் கறாராகத் தெரிந்தது. இப்போது அதைப் பற்றி வேறு விதமாக நினைக்கிறேன்.

மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னாரே தவிர, இரண்டு வருடம் அவர் தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. கடைசியில் அவருக்குப் பிடித்தது என்னுடையது. நான் அதைவிடப் பெரிதாக ஒன்றுக்கு ஆசைப்பட்டு இதை விற்கலாம் என்று இருந்தேன். மூன்று ஞாயிறு வந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் கைக்குட்டை, நாதசுரம், விரல். மூன்றாவது ஞாயிறு, "வெலையச் சொல்லுங்" என்றார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றேன். பேரம் பேசுவார் என்று பத்தாயிரம் கூட்டித்தான் சொன்னேன். அவர் போனை எடுத்து அங்கேயே பணத்தை அனுப்பிவிட்டார். "வெல பேசறதுக்கு இது என்ன ஆடுங்களா? பொருளு சரியா இருந்தா கேட்டதக் குடுக்கோணும். சரியில்லீன்னா சும்மா குடுத்தாலும் தொடக் கூடாது."

விலையை வீட்டில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். "எட்டு நாளு ஊட்டுல பேச்சே இல்லீங்க. அத்தன அமைதியில நல்லாப் பாட்டுக் கேட்டுருக்கலாம், ஹெட்போன்தான் கையில இல்ல" என்றார்.

கையில் இல்லாததற்குக் காரணம் உண்டு. பத்தே நாளில் அவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் கிளம்ப வேண்டியிருந்தது. நான்கு மாத வேலை. "ஊட்டுல வெச்சாச் சின்னக் குட்டிக எடுத்துப் போட்டுருமுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். பொட்டிய மூடி வெச்சுருங். நீங்களும் போட வேண்டாம். இனி அது எம்பட காதுக்குப் பழகட்டும்."

காதுக்குப் பழகுவதாவது, மண்ணாவது. இரும்பும் பிளாஸ்டிக்கும் யார் காதுக்கும் பழகாது என்று அளந்து காட்டுகிறவன் நான். இருந்தாலும், "சரிங்க, தொட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

என் புது ஹெட்போன் வரத் தாமதமாயிற்று. இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம் பெட்டியைத் திறந்தேன். பிறகு தினமும் மாலையில் கேட்டேன். ஒருநாள் கேஸ் சிலிண்டர்க்காரர் மணி அடித்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். ஒயர் காலில் மாட்டி, ஹெட்போன் தரையில் போய் விழுந்தது. டைல்ஸ் தரை. இடது பக்கம் கீழே.

அந்தச் சத்தம் கேட்டு என் மனைவி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். நான் குனிந்து எடுத்தேன். இடது விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். அன்று மாலையே மைக்கை வைத்து அளந்தேன். இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக, முன்பு இருந்த மாதிரியே கோடு வந்தது. கீறலைக் கறுப்பு மார்க்கரால் பூசினேன். பெட்டியை மூடிப் பீரோவில் வைத்துவிட்டேன். அதன் பிறகு தொடவில்லை.

நான்கு மாதம் கழித்து வந்தார். கறுத்து இளைத்திருந்தார். பெட்டியை மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மூன்றாம் நாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது. அவர் எழுத மாட்டார், பேசித்தான் போடுவார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ஒருத்தருகிட்ட வாங்குன பொருளுல இடது பக்கம் சத்தம் எறங்கி இருக்குதுங்க. இருமறவன் போயிட்டான். வாங்கறப்ப இருந்தான். ஞாயித்துக்கெழம கொண்டாரேன். எல்லாரும் கேட்டு நாயஞ் சொல்லுங்க."

பெயர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்த ஆறேழு பேரைத் தவிர எனக்கு இந்தப் பக்கத்தில் வேறு நண்பர்கள் கிடையாது. அவர்களிடம் விற்ற பொருளில் கைவைத்தவன் என்று பெயர் வாங்கினால், பிறகு எந்த முகத்தோடு அந்த மாடிப்படி ஏறுவது?

"கீழ விழுந்துருச்சுன்னு சொல்லிருங்க. பணத்தத் திருப்பிக் குடுத்துருங்க. அதோட முடிஞ்சுது" என்றாள் மனைவி.

"அளந்து பாத்தேன். ஒண்ணும் ஆகல."

"அப்பறம் ஏன் பயப்படறீங்க?"

நான் எழுந்து போனேன்.

சனிக்கிழமை காலையில் அவரே வீட்டுக்கு வந்தார். கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார். ஒருவரைச் சபையில் நிறுத்தும் முன்னால் வீட்டுக்கு வந்து கேட்கிற நாகரிகம் அவருக்கு இருந்தது. மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏனுங்க, நான் இல்லாதப்ப இதப் போட்டீங்களா?"

"தொடவே இல்லைங்க."

"எங்காச்சும் கீழ உழுந்துச்சா?"

"இல்லைங்க."

சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாகவே வைக்கப்பட்டது.

அவர் தலையை ஆட்டினார். "அப்பப் புரியலீங்க. ஒயரு மாத்திப் பாத்தேன். ஆம்ப்ளிஃபயர மாத்திப் பாத்தேன். சாக்கெட்டு மாத்திப் பாத்தேன். பதிவு கெட்டுப் போச்சோன்னு பழைய மெமரி கார்டத் தேடி எடுத்துப் போட்டேன். ஆளக் காணமுங்க."

"வேற ஹெட்போன்ல கேட்டீங்களா?"

"எங்கிட்ட வேற ஏதுங்க?"

நான் மைக்கை எடுத்து அளந்தேன். இரண்டு கோடுகளும் முன்பு போலவே ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. பிறகு நானே தலையில் மாட்டி நாதசுரத்தைப் போட்டேன். தவில் நின்றது. இடது பக்கம், ஒரு இருபதடி தள்ளி, அவன் இருமினான். தெளிவாக, பழைய மாதிரியே. என் விரல் மேலே எழப் பார்த்தது. மடக்கிக்கொண்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "போன மாசம் கம்ப்ரசருல காத்துப் போற ஓஸ் குழா வெடிச்சுருச்சுங்க. ஸ்க்ரூடிரைவர வெச்சுக் கேட்டுட்டு இருக்கேன், பக்கத்துல பட்டுன்னு போச்சு. ரெண்டு நாளு காதுக்குள்ள பூச்சி கத்துன மாதிரி இருந்துச்சு. அப்பறம் சரியாப் போச்சுங்க."

எந்தக் காது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் அந்த ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் வைப்பார் என்று எனக்குத் தெரியும்.

இங்கேதான் நான் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்திலேயே, "திருப்பிப் போட்டுப் பாருங்க" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்கும் எனக்கும் நடுவிலேயே முடிந்திருக்கும். ஊருக்கெல்லாம் அந்தச் சோதனையைச் செய்துகாட்டியவர் அவர். ஒயரை மாற்றினார், ஆம்ப்பை மாற்றினார், தன் காது தப்பாகச் சொல்லும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால், குழுவில் எல்லோரும் அவர் குரலைக் கேட்டிருந்தார்கள். என் வீட்டு ஹாலில் நான் நிரபராதி ஆகி என்ன பிரயோஜனம்? பட்டுக்கடை மாடியில், எல்லோர் முன்னாலும் ஆக வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில் வாக்கு மீறிக் கீழே போட்டவன் நான்தான் என்பதையும் அந்தக் கணத்தில் சௌகரியமாக மறந்துபோனேன்.

"நாளைக்குக் கேக்கலாமுங்க. நாலு பேரு சொல்லட்டும்" என்றேன்.

"சரிங்க. வாரேன்" என்று காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாடியில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பட்டுக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "வாங்க" என்றதில் ஒரு 'ங்க' குறைந்த மாதிரி எனக்குப் பட்டது. நகைக்கடைக்காரர் மகன் வழக்கத்துக்கு மாறாக முதல் ஆளாக வந்திருந்தான். அவர் பெட்டியைத் திறந்து ஹெட்போனை மேஜை நடுவில் வைத்தார். கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களே கேளுங். இருமறவன் இருந்தா வெரலத் தூக்குங்."

முதலில் பட்டுக்கடைக்காரர். கண்ணை மூடி உட்கார்ந்தார். இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேரம் வந்ததும் பட்டுக்கடைக்காரரின் விரல் உயர்ந்தது. இவர் புருவத்தைச் சுருக்கினார். "பழக்க தோசத்துல தூக்கறீங்க. அடுத்தவரு வாங்க."

இரண்டாவது ஆளும் தூக்கினார். மூன்றாவதாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற ஒரு அம்மா. அவரும் தூக்கினார், கொஞ்சமும் தயக்கமில்லாமல். நான்காவது நகைக்கடைக்காரர் மகன். அவன் விரலும் மேலே போயிற்று. நான் அலமாரியில் இருந்த சேலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்துக்கொண்டிருந்தேன். அது எப்படி இருந்தது என்றால், நன்றாகவே இல்லை.

அவர் கடிகாரத்தை மேஜையில் வைத்தார். கைக்குட்டையை எடுத்துத் தலையில் விரித்தார். அன்று மடிப்புச் சரியாக வரவில்லை, இரண்டு தடவை விரிக்க வேண்டியிருந்தது. ஹெட்போனை எடுத்து, ஒரு நொடி இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பி மாட்டினார். இடது பக்கம் வலது காதில்.

நகைக்கடைக்காரர் மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரித்துவிடுவானோ என்று நான் பயந்திருந்தேன். பாவம், அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

பாட்டு எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. கண்ணை மூடியிருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவருடைய விரல் மெல்ல மேலே வந்தது. அவர் தூக்கினார் என்று சொல்ல முடியாது, அது தானாக வந்த மாதிரிதான் இருந்தது. அப்படியே சிறிது நேரம் நின்றது. பாட்டு முடிகிற வரைக்கும் அவர் அதைக் கீழே இறக்கவே இல்லை.

கழற்றினார். கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஹெட்போன் இல்லீங்க. எம்பட காதுங்க."

நகைக்கடைக்காரர் மகனிடம் சொன்ன அதே குரல், அதே அளவு சத்தம். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும் இரண்டு கையையும் கூப்பினார்.

"உங்க மேல சந்தேகப்பட்டுட்டேனுங்க. தப்பு எம்மேல. மன்னிச்சுக்கோங்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க" என்றேன். என் முகத்தில் ஒரு பெருந்தன்மை கூட வந்திருக்கும். பணத்தைத் திருப்பித் தருகிறேன், ஹெட்போனை நானே வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. "எதுக்குங்க? பொருளு சரியாத்தான் இருக்குது" என்று பெட்டியை மூடினார். மூடும்போது அவருடைய கட்டைவிரல் இடது விளிம்பில், மார்க்கர் பூசிய இடத்தின் மேலேயே அழுத்தியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. கண்ணால் தேடிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வெளியே வந்து இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நாமக்கல் பஸ்ஸும் திருச்செங்கோடு பஸ்ஸும் இன்னும் வரவில்லை. வண்டிகள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு திரும்பின. ஒரு கண்டக்டர் தொண்டை கிழிய சேலம், சேலம் என்று கத்திக்கொண்டிருந்தார். இவர் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இனி ஸ்க்ரூடிரைவரை அந்தப் பக்கம் வைக்கக் கூடாது, வலது பக்கம் வைத்துப் பழக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஒரு முதலாளி பெரிய வேலைக்குக் கூப்பிட்டிருப்பதாகவும், அதற்குள் பழகிவிடுமா தெரியவில்லை என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. எங்களுக்கு அது இருமல். அவருக்கு அதுதான் சோறு.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கை மீறித் தினமும் போட்டுக் கேட்டேன், கீழே விழுந்தது, மார்க்கர் பூசினேன், நேற்று என் வீட்டிலேயே இருமல் கேட்டது, கேட்டும் மறைத்தேன் என்று. சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையைத் திருப்பி, "ஏதாச்சும் சொன்னீங்களா சாமி?" என்றார்.

"இல்லைங்க. உங்க பஸ் வருது."

"வாரேனுங்க" என்று பையை அணைத்துக்கொண்டு ஏறினார். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நானும் கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அதையெல்லாம் சொன்னபோது நான் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், அவருக்குப் பின்னால் நான்கு எட்டு நடந்து, வலது பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போய் நின்றேன்.